மங்கி ஐலண்டில் சிரிப்பு எங்கே இருக்கிறது?

'தி சீக்ரெட் ஆஃப் மங்கி ஐலண்ட்' என்று பேச்செடுத்தால் போதும், கேட்பவர் உடனே "ஆஹா, என்ன வசனம்!" என்று ஆரம்பித்துவிடுவார். 1990 அக்டோபரில் லூகாஸ்ஃபிலிம் கேம்ஸ் வெளியிட்ட கேம் இது. வெளிவந்த நாள் முதல் இதே பாராட்டுதான். பாராட்டில் பொய் இல்லை. ஆனால் அந்த வசனங்களை மட்டும் உருவி ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பாதிக்கு மேல் கடி ஜோக்தான். நடுவில் கப்பி வைத்த ரப்பர் கோழி, குவளையையே உருக்கிவிடும் சாராயம், பழைய கப்பல் விற்கும் வாயாடி வியாபாரி. படித்தால் ஒரு புன்னகை வரும், அவ்வளவுதான். அதையே ஆடும்போது ஏன் வயிறு குலுங்குகிறது? என் கட்சி இதுதான்: ஆடுபவர் சாக மாட்டார், பாதியில் சிக்கிக்கொள்ளவும் மாட்டார் என்று முதலில் விதி எழுதப்பட்டது. சிரிப்புக்கு இடம் கிடைத்தது அந்த விதியால். வசனம் நன்றாக அமைந்தது அதற்கு மேல் கிடைத்த லாபம்.

கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான்: கடற்கொள்ளையனாக ஆசைப்படும் கைப்ரஷ் என்ற இளைஞன், அதற்காக அவன் கடக்க வேண்டிய சோதனைகள். இதற்கு மேல் திரும்பச் சொல்லப் போவதில்லை. புதிர்களின் விடைகள் இடையிடையே வரும். இன்னும் ஆடாதவர்கள் ஆடி முடித்துவிட்டு வரலாம்.

சாவு இல்லாத தீவு

இந்தக் கேமை வடிவமைத்த ரான் கில்பர்ட் 1989-இல், அட்வென்ச்சர் கேம்கள், அதாவது புதிர்களை அவிழ்த்துக் கதையை நகர்த்தும் கேம்கள், ஏன் இவ்வளவு மோசமாக இருக்கின்றன என்று ஒரு கட்டுரை எழுதினார். செத்துச் செத்துக் கற்றுக்கொள்ள வைக்காதே, தொலைத்த பொருளுக்காக மூன்று மணி நேரம் பின்னோக்கி ஓட வைக்காதே, காரணம் தெரியாத புதிர் வைக்காதே. சாரம் அவ்வளவுதான். இதில் பாதிக் குற்றங்களை அவரே 1987-இல் 'மேனியாக் மேன்ஷ'னில் செய்திருந்தார். அதில் ஆள் சாகலாம், முட்டுச் சந்தில் மாட்டவும் செய்யலாம். ஆகவே அந்தக் கட்டுரை வெளியே நின்று கல்லெறிந்தவர் எழுதியதல்ல.

அந்தக் காலத்தில் இந்தத் துறையின் ராஜா சியரா நிறுவனம். மங்கி ஐலண்ட் வந்து சில வாரங்களில் அவர்களுடைய 'கிங்ஸ் குவெஸ்ட் 5' வந்தது. அதில் கஸ்டர்ட் பை என்ற இனிப்புப் பலகாரம் ஒன்று கிடைக்கும். நாயகனுக்குப் பசிக்கும்போது அதைத் தின்னக் கொடுத்தால் கேம் ஒன்றும் சொல்லாது. பின்னால் பனிமனிதன் எதிரே வரும்போதுதான் அவன் முகத்தில் வீச அந்தப் பலகாரம் வேண்டியிருந்தது என்று தெரியும். தின்ற பிறகு சேமித்து வைத்ததெல்லாம் வீண். பூனை துரத்தும் எலியை அந்தச் சில விநாடிகளுக்குள் காப்பாற்றாவிட்டாலும் இதே கதிதான். எங்கே தவறினோம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

இப்படிப்பட்ட கேமில் ஜோக் எழுதலாம், எழுதியும் இருக்கிறார்கள். ஆனால் ஆடுபவர் என்ன செய்கிறார்? நாலடிக்கு ஒருமுறை சேமிக்கிறார். கையில் இருக்கும் பொருளைப் பத்திரப்படுத்துகிறார். கிறுக்குத்தனமாக எதையும் முயன்று பார்க்க மாட்டார். அட்வென்ச்சர் கேமில் நகைச்சுவை வாழ்வதே அந்தக் கிறுக்குத்தனமான முயற்சிகளில்தான். சரியான விடை ஒன்றுதான், அதற்கு எழுதக்கூடிய வசனமும் ஒன்றுதான். தவறான முயற்சிக்கோ கணக்கே இல்லை. மங்கி ஐலண்டின் முதல் பதிப்பில் திரையின் அடியில் 12 கட்டளைகள் இருக்கும்: திற, மூடு, தள்ளு, இழு, எடு, பேசு, கொடு என்று. ஒவ்வொரு பொருளோடும் ஒவ்வொரு கட்டளையும் சேரலாம். பயம் இல்லாதவன் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்பான்.

சாகாமல் வைப்பது சுலபம், அந்தச் சட்டத்தை நீக்கினால் போதும். சிக்காமல் வைப்பதுதான் கஷ்டம். அதற்குக் கில்பர்ட் கையாண்ட முறை, புதிர்களின் சார்பு வரைபடம். கடைசி இலக்கை முதலில் எழுதி, அதற்கு என்ன வேண்டும், அதற்கு முன் என்ன வேண்டும் என்று பின்னோக்கி வரைந்துகொண்டே போவது. வரைந்து முடித்ததும் படத்தின் வடிவத்தைப் பார்க்க வேண்டும். ஒரே கோடாக நீண்டால் ஆடுபவர் ஒரு புதிரில் நின்றால் முழுக் கேமும் நின்றுவிடும். புதர் மாதிரி கிளைத்தால் ஒன்றில் முட்டினால் வேறொன்றுக்குப் போகலாம். கேமின் முதல் பகுதியில் வரும் மூன்று சோதனைகள் — வாள் சண்டை, திருட்டு, புதையல் — எந்த வரிசையிலும் செய்யக்கூடியவையாக இருப்பது இதனால்தான். எந்தப் பொருளும் தீர்ந்துபோகக் கூடாது, தீர்ந்தால் மறுபடி கிடைக்க வேண்டும் என்பதையும் அந்தப் படத்திலேயே சரிபார்க்கலாம்.

பணக் கணக்கைப் பாருங்கள். சர்க்கஸ் பீரங்கியில் தலையில் சமையல் பாத்திரத்தைக் கவிழ்த்துக்கொண்டு பறந்தால் 478 வெள்ளிக்காசு. வாள் 100, மண்வெட்டி 75, புதையல் வரைபடம் 100, வாள் பயிற்சி 30. மொத்தம் 305. என்ன வரிசையில் செலவழித்தாலும் திவாலாக முடியாது. சிறைக்கதவுப் பூட்டை உருக்கும் சாராயப் புதிரும் அப்படித்தான். குவளை உருகுவதற்குள் அடுத்த குவளைக்கு மாற்றிக்கொண்டே ஓட வேண்டும். தவறினால் மதுக்கடைச் சமையலறைக்குத் திரும்பிப் பீப்பாயிலிருந்து மறுபடி பிடித்துக்கொள்ளலாம். கடிகாரம் துரத்துகிறது, ஆனால் தோற்றால் நட்டம் ஒரு நடைதான். பதற்றமும் சிரிப்பும் ஒரே இடத்தில் இருக்க இந்த விலை சரியாக இருந்தாக வேண்டும்.

விதியை இப்படி உறுதிப்படுத்திவிட்டு, அதைவைத்தே கேலி செய்வதுதான் அடுத்த படி. மங்கி ஐலண்டில் ஒரு மலைமுகட்டின் விளிம்பில் நின்றால் பாறை உடைந்து கைப்ரஷ் கீழே விழுவான். சியரா பாணியிலேயே ஒரு பெட்டி தோன்றும்: தொலைத்துவிட்டாய், முதலிலிருந்து ஆரம்பி, சேமித்திருப்பாய் என்று நம்புகிறேன். இரண்டு விநாடி நெஞ்சு அடைக்கும். பிறகு கைப்ரஷ் துள்ளி மேலே வந்து நிற்பான். கீழே ரப்பர் மரமாம்.

உண்மையாகவே சாக ஓர் இடமும் உண்டு. கடற்கொள்ளையர் தலைவர்கள் முன் நின்று "என்னால் பத்து நிமிடம் மூச்சடக்க முடியும்" என்று கைப்ரஷ் தொடக்கத்திலேயே பீற்றிக்கொள்வான். பிறகு அவனைச் சிலையோடு கட்டிக் கடலில் தள்ளிவிடுவார்கள். சுற்றிலும் கத்தி, வாள் என்று கூரான ஆயுதங்கள் கிடக்கும், எதுவும் கைக்கு எட்டாது. விடை, சிலையைத் தூக்கிக்கொண்டு நடப்பது. அதைச் செய்யாமல் நிஜமாகவே பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தால் முகம் பச்சையாகிச் செத்துப்போவான். அப்போது கட்டளைப் பலகையைப் பாருங்கள். திற, மூடு எல்லாம் மறைந்து மித, ஊது, வெறி, அழுகு என்று மாறியிருக்கும். கடைசியில் 'குறிப்புப் புத்தகம் வாங்கு'. கேமில் ஒரே ஒரு சாவு, அதற்கும் ஆடுபவர் பத்து நிமிடம் வேலை மெனக்கெட வேண்டும்.

பிறகு மாற்றலாம் என்று எழுதியது

டிம் ஷேஃபரும் டேவ் கிராஸ்மனும் 1989-இல் லூகாஸ்ஃபிலிமில் சேர்ந்தார்கள். இருவரும் புரோகிராமர்கள். ஸ்கம் என்ற கருவியில் காட்சிகளைக் கோப்பது அவர்கள் வேலை. ஸ்கம் மேனியாக் மேன்ஷனுக்காக உருவானது. கேமின் தருக்கம் தனி ஸ்கிரிப்டாகவும், அதை ஓட்டும் இயந்திரம் தனியாகவும் இருக்கும். ஆகவே ஒரு வசனத்தை மாற்ற அடித்தள நிரலைத் தொட வேண்டியதில்லை. ஒரே நேரத்தில் பல ஸ்கிரிப்டுகளும் ஓடும். ஒருவன் பேசிக்கொண்டிருக்கும்போதே பின்னால் எலி ஓடலாம், நாயகன் நடக்கலாம்.

காட்சி ஓடுகிறதா என்று பார்க்க ஏதாவது வசனம் வேண்டுமே. பிறகு மாற்றப்படும் என்ற எண்ணத்தில் இருவரும் வாய்க்கு வந்த கேலியை எழுதிப் போட்டார்கள். கில்பர்ட் அதை எடுக்கவே இல்லை. இந்தக் கதையை இளைஞர்களின் அதிர்ஷ்டம் என்று சொல்வார்கள். எனக்கு அது வேலை முறையின் விளைவாகவே படுகிறது. ஜோக்கை எழுதுபவனும் அது திரையில் எத்தனை விநாடி நிற்கும், அதற்குப் பின் யார் எந்தப் பக்கம் திரும்புவார் என்பதை எழுதுபவனும் ஒரே ஆள். எழுத்தாளர் தாளில் எழுதிக் கொடுத்து வேறொருவர் கோத்திருந்தால் அந்த நேரக்கணக்கு வந்திருக்காது. நாயகனின் பெயரே இப்படி வந்ததுதான். பெயர் வைக்காதவரை அவன் வெறும் 'கை', அதாவது ஆங்கிலத்தில் ஆள். டீலக்ஸ் பெயின்ட் மென்பொருளில் வெட்டியெடுத்த உருவத்துக்கு 'ப்ரஷ்' என்று பெயர். ஓவியர் ஸ்டீவ் பர்செல் கோப்புப் பெயரில் இரண்டையும் சேர்த்தார், அதுவே ஒட்டிக்கொண்டது.

உரையாடல் மெனுவும் கவனிக்க வேண்டிய கருவி. எதிராளி ஏதோ சொல்கிறான், உங்களுக்கு நான்கு பதில்கள் காட்டப்படுகின்றன. நான்கையும் படித்த பிறகுதான் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியும். ஆக ஒரு சுற்றுக்கு நான்கு ஜோக் படித்தாயிற்று, சொல்லப்பட்டது ஒன்றுதான். பெரும்பாலான பதில்கள் கொஞ்சம் விலகிப் போய் அதே இடத்துக்குத் திரும்பி வரும். 'தேர்வுக்கு அர்த்தமே இல்லையா' என்று இன்றைய ஆட்டக்காரர்கள் குறைப்படுவார்கள். அர்த்தம் இல்லாததுதான் வசதி. எந்தப் பதிலும் எதையும் கெடுக்காது என்று தெரிந்தால் மிக மோசமான பதிலைத்தான் எவனும் முதலில் அழுத்துவான்.

இந்தக் கருவிகளின் உச்சம் ஆளுநர் மாளிகைத் திருட்டு. சுவரில் ஓட்டை, கைப்ரஷ் உள்ளே போகிறான், ஷெரிஃபும் பின்னால் போகிறார். நமக்குத் தெரிவது வெறும் சுவர். தடதடவென்று சத்தம். நாம் கட்டளை கொடுக்கும்போது வாக்கியம் தோன்றுமே, திரையின் அடியில் இருக்கும் அந்த ஒற்றை வரி, தானாகவே ஓட ஆரம்பிக்கிறது. பிரம்மாண்டமான, ஆபத்தாகத் தெரியும் யாக் எருதின் மீது ஸ்டேப்பிள் பிடுங்கியைப் பயன்படுத்து என்கிறது. மெழுகு உதடுகள் வருகின்றன, இன்னும் என்னென்னவோ வருகின்றன. ஒரு படம்கூட வரையாமல், ஒரு வரி எழுத்தை மட்டும் வைத்து நடந்த சண்டை அது. அட்வென்ச்சர் கேம் ஆடிய யாருக்கும் அந்த வரி தன் கையால் நடப்பது. இங்கே அது தன் கையை மீறி, தான் கனவில்கூட யோசிக்காத புதிர்களை அவிழ்த்துத் தள்ளுகிறது. சினிமாவிலோ நாடகத்திலோ இதைச் செய்யவே முடியாது.

வாய்ச்சண்டை

இனி வாள் சண்டை. இதற்காகத்தான் இந்தக் கட்டுரையே. கடற்கொள்ளையர் கேமில் வாள் சண்டை இல்லாமல் இருக்க முடியாது. ஆனால் ஸ்கம் சுட்டிச் சொடுக்கும் இயந்திரம், வேகமாக விரலாட்டும் கேமுக்கு அது சரிப்படாது. கில்பர்ட்டுக்கும் அதில் விருப்பமில்லை. ஹாலிவுட் நடிகர் எரோல் ஃப்ளின் காலத்து வாள் சண்டைப் படங்களில் வாள் வீசுவதைவிட வாய் வீசுவதுதான் அதிகம். அதையே விதியாக்கினார்கள். ஒருவன் திட்டுகிறான், மற்றவன் பொருத்தமாகத் திருப்பிக் கொடுத்தால் முன்னேறுகிறான், உளறினால் பின்வாங்குகிறான். எசப்பாட்டுப் போட்டியில் எதிர்ப்பாட்டு எடுக்கத் தெரியாதவன் தோற்பதைப் போலத்தான். திட்டுகள் எழுதுவதில் அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்சன் ஸ்காட் கார்டும் கை கொடுத்தார்.

விதியின் நுட்பம் இப்படி. மொத்தம் 16 திட்டு, 16 பதில். தொடக்கத்தில் உங்களிடம் ஏறக்குறைய ஒன்றும் இல்லை, "ஓ, அப்படியா?" என்ற ரகத்தில் உப்புச் சப்பில்லாத பதில்தான். தீவுப் பாதைகளில் திரியும் கொள்ளையர்களிடம் வலியச் சண்டைக்குப் போக வேண்டும். ஒருவன் உங்களைப் புதிதாகத் திட்டினால் அந்தத் திட்டு உங்கள் பட்டியலில் ஏறும். அதை அடுத்தவனிடம் பிரயோகிக்கிறீர்கள். அவனுக்குப் பதில் தெரிந்தால் அந்தச் சுற்றில் நீங்கள் தோற்பீர்கள், ஆனால் அந்தப் பதில் இப்போது உங்களுடையது. அவனுக்குத் தெரியாவிட்டால் சுற்று உங்களுக்கு, கற்றது சுழியம். வெற்றி பெற்றவன் வெறுங்கையோடு போகிறான், தோற்றவன் சம்பாதிக்கிறான். தோல்விக்குத் தண்டனை இல்லை என்ற நிலையிலிருந்து ஒரு படி மேலே போய், தோல்விக்குக் கூலி கொடுக்கிறது இந்த விதி.

"மாட்டுப்பண்ணைக்காரன் மாதிரி சண்டை போடுகிறாய்!" என்றால் "பொருத்தம்தான், நீ மாடு மாதிரி சண்டை போடுகிறாய்" என்று சொல்ல வேண்டும். "சீக்கிரம் என் வாளில் கபாப் மாதிரி தொங்குவாய்" என்றால் "முதலில் அதை இறகுத் துடைப்பம் மாதிரி ஆட்டுவதை நிறுத்து". மனப்பாடம் செய்தால் போதும் என்று தோன்றும். அப்படியே செய்து, தேறிவிட்டாய் என்று கொள்ளையர்களே சொன்ன பிறகு, வாள் சண்டையில் வித்தகியான கார்லாவிடம் போகிறீர்கள். அவள் வாய் திறந்ததும் கதை கந்தல். நீங்கள் கேட்ட 16 திட்டில் ஒன்றைக்கூட அவள் சொல்வதில்லை. "உன் உடம்பிலிருந்து ரத்தத்தை ஒரு சொட்டு விடாமல் கறந்துவிடுவேன்!" என்கிறாள். உங்கள் பட்டியலில் இருப்பது பழைய பதில்கள் மட்டுமே. ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வருகிறீர்கள். கறப்பது, மாடு... "பொருத்தம்தான், நீ மாடு மாதிரி சண்டை போடுகிறாய்!" அவள் ஒரு அடி பின்வாங்குகிறாள். "என் நாக்கு எந்த வாளையும்விடக் கூர்மையானது." இறகுத் துடைப்பம்!

இந்த ஒரு திருப்பம்தான் கேமைத் தூக்கி நிறுத்துகிறது. அதுவரை ஜோக் சொன்னது ஷேஃபரும் கிராஸ்மனும், நீங்கள் பார்வையாளர். கார்லாவின் முன்னால் அவள் முன்பகுதியைச் சொல்கிறாள், முத்தாய்ப்பை நீங்கள் வைக்க வேண்டும். மனப்பாடம் செய்தவன் தோற்பான், ஜோக் எப்படி வேலை செய்கிறது என்று புரிந்தவன் ஜெயிப்பான். நகைச்சுவை உணர்வையே புதிராக வைத்த இடம் அது.

குறையும் உண்டு. கடைசி மூன்று நான்கு திட்டுகளைத் தேடும்போது அலுப்புத் தட்டும். எதிராளி எதைச் சொல்வான் என்பது குலுக்கல்தான், கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்க வேண்டிவரும். ஒரு வழி: பதில் தெரியாத திட்டை எப்போதும் முதலில் எடுத்துவிடுங்கள், ஜெயிப்பதற்காக நல்லதைப் பத்திரப்படுத்தாதீர்கள். 16-ம் சேரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. மொழிபெயர்ப்பாளர்களுக்கு இது வேறு தலைவலி: 16 பதிலும் ஒவ்வொன்றும் இரண்டு திட்டுக்குப் பொருந்த வேண்டும். ஜெர்மன் பதிப்பை போரிஸ் ஷ்னைடர் செய்தார். மூன்று தலைக் குரங்கு பற்றிய வசனம் அங்கே இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. பின்னர் வந்த பாகங்கள் வாய்ச்சண்டையைத் திரும்பத் திரும்ப எடுத்தன. 1997-இல் எதுகையோடு, 2000-இல் கைமல்யுத்தமாக. கார்லா தந்த அதிர்ச்சியை எதுவும் தரவில்லை.

22-வது டிஸ்க்

காட்டில் ஒரு அடிமரம் இருக்கும். உள்ளே பார்த்தால் சுரங்கப்பாதை தெரிகிறது என்பான் கைப்ரஷ். நுழையச் சொன்னால் கேம் 22-வது ஃபிளாப்பி டிஸ்கைப் போடச் சொல்லும், பிறகு 36, பிறகு 114. அப்படி டிஸ்க் எதுவும் கிடையாது. கடைசியில், சரி, இந்தப் பகுதியைத் தாண்டிவிட வேண்டியதுதான் என்று அவனே சொல்லிவிடுவான். டிஸ்கை மாற்றி மாற்றிப் போட்டே நொந்துபோன காலத்துக்கான கேலி இது. ஆனால் டிஸ்க் காணவில்லை என்று உதவி எண்ணுக்கு அழைப்புகள் போயின, பின்னால் வந்த சிடி பதிப்பில் அதை எடுத்துவிட்டார்கள். 1991-இன் இரண்டாம் பாகத்தில் கைப்ரஷ் காட்டு நடுவில் இருக்கும் தொலைபேசியில் அதே உதவி எண்ணை அழைத்து அடிமரம் பற்றிக் கேட்கலாம். என் விதி இங்கே உடைகிறது என்றும் சொல்லலாம். இந்தக் கேம் என்னை ஏமாற்றாது என்ற நம்பிக்கை இன்னும் ஊன்றாத ஆட்டக்காரர்களுக்கு அது ஜோக்காகப் படவில்லை.

விற்பனையில் சியராவைத் தொட முடியவில்லை. ஐரோப்பாவில்தான் கொண்டாட்டம் பெரிது. கில்பர்ட் 1992-இல் நிறுவனத்தை விட்டுப் போனார். கிராஸ்மனோடு சேர்ந்து 'ரிட்டர்ன் டு மங்கி ஐலண்ட்' செய்ய 2022 ஆனது. இடையில் 2009-இல் அர்ஜென்டினாவின் செய்தி சேனல் ஒன்று, இளைஞர்களிடையே பரவும் அபாயகரமான புதுப் பானம் என்று செய்தி வாசித்தது. மண்ணெண்ணெய், பேட்டரி அமிலம் எல்லாம் சேர்ந்த அந்தச் செய்முறை, குவளையை உருக்கும் அதே மங்கி ஐலண்ட் சாராயத்தினுடையது.

எதை ஆடுவது

2009-இன் சிறப்புப் பதிப்பு சுலபமாகக் கிடைக்கிறது. புது ஓவியம், டொமினிக் அர்மாட்டோவின் குரல். குரல் அருமை, ஆனால் வேகம் கெட்டுவிட்டது. எழுத்தாக இருந்தபோது உங்கள் கண்ணின் வேகத்தில் நடந்த ஜோக், இப்போது நடிகர் பேசி முடிக்கும்வரை காத்திருக்கிறது. வாய்ச்சண்டையில் இது நன்றாகத் தெரியும்: பதிலை நீங்களே தேர்ந்தெடுக்கும்போது மனதுக்குள் ஒருமுறை சொல்லியாயிற்று, பிறகு அவன் மறுபடி சொல்வதைக் கேட்க வேண்டும். கணினியில் எஃப்10 அழுத்தினால் பழைய 256 வண்ண வடிவத்துக்கு மாறும். முதல் முறை ஆடுபவர்கள் மாளிகைத் திருட்டையும் கார்லா சண்டையையுமாவது அந்த வடிவத்தில் ஆடுங்கள்.

பழைய கோப்புகள் வைத்திருப்பவர்களுக்கு 2001-இலிருந்து ஸ்கம்விஎம் இருக்கிறது. லுட்விக் ஸ்ட்ரிஜியஸும் வின்சென்ட் ஹாமும் தொடங்கிய அந்த மென்பொருள் அசல் இயந்திரத்தின் வேலையை இன்றைய கணினியிலும் போனிலும் செய்யும். அடிமரத்து டிஸ்க் ஜோக் வேண்டுமானால் சிடிக்கு முந்தைய ஃபிளாப்பிப் பதிப்பு வேண்டும். 16 வண்ணத்தில் வந்த முதல் பதிப்பே என் தேர்வு. மார்க் ஃபெராரி புள்ளிகளைக் கலந்து கலந்து வரைந்த, கேம் தொடங்கும் மெலே தீவின் நீல இரவு அதில்தான் முழுசாக இருக்கிறது. பல காட்சிகளில் இசை இருக்காது, கோளாறு என்று நினைத்துத் தேடாதீர்கள். வசனம் மெதுவாகப் போகிறது என்று பட்டால் கூட்டல், கழித்தல் விசைகளால் வேகத்தை மாற்றலாம். படித்து முடித்த வரியைத் தாண்ட முற்றுப்புள்ளி விசை. எஸ்கேப்பை மட்டும் அவசரப்பட்டுத் தொடாதீர்கள், மாளிகைக் காட்சி முழுவதும் ஒரே அழுத்தில் போய்விடும்.